ஐந்து கட்டம் இருக்கிறது, மூன்று எழுத்து இருக்கிறது, சொல் மட்டும் வரவில்லை

குறுக்கெழுத்து, வேர்டில், ஸ்கிராபிள், சொசைட்டி பொங்கல் விழாவில் நடத்தும் சொல் போட்டி என எதுவானாலும் கேள்வி ஒன்றுதான். இத்தனை எழுத்து நீளம், இன்னின்ன எழுத்து உள்ளே இருக்க வேண்டும், அந்த ஆங்கிலச் சொல் எது? மும்பையில் இதற்கு நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. டோம்பிவலியிலிருந்து சிஎஸ்எம்டி போகும் லோக்கலில் உட்கார இடம் கிடைத்தவர் பேப்பரை நாலாக மடித்துக் கட்டம் நிரப்புவார், தொங்கிக்கொண்டு போகிறவர் போனில் வேர்டில் ஆடுவார். மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கத்திலிருந்து “இந்த எழுத்தெல்லாம் வெச்சு ஒரு வார்த்தை சொல்லேன்” என்று எனக்கு வரும் போன்களை வைத்துச் சொல்கிறேன்: சொல் தெரியாமல் மாட்டுகிறவர்கள் குறைவு. கேள்வியைத் தப்பாகக் கட்டிவிட்டு மாட்டுகிறவர்களே அதிகம். இணையத் தேடல் கருவி, எக்செல், லினக்ஸ் கட்டளை, வெறும் பென்சில் என எதை வைத்துத் தேடினாலும் இது பொருந்தும்.

முதலில் ஐந்து வரி

அறிகுறி எதுவானாலும், ஒரு துண்டுச் சீட்டில் ஐந்து விஷயத்தைத் தனித்தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள். சொல்லின் நீளம். இடம் உறுதியான எழுத்துகள். சொல்லில் உண்டு ஆனால் இடம் தெரியாத எழுத்துகள், அவை எந்தெந்த இடத்தில் இல்லை என்பதும் அதே வரியில். வரவே கூடாத எழுத்துகள். கடைசியாக, ஒரே எழுத்து இரண்டு முறை வரலாமா என்பது. இந்தக் கடைசி வரியை யாரும் எழுதுவதில்லை. கீழே வரும் தொல்லைகளில் பாதி அது இல்லாததால் வருபவை.

எல், எம், என் மூன்றும் உள்ள ஐந்தெழுத்துச் சொல் என்றால் லெமன், மெலன், லூமென் என்று மூன்று உடனே வரும். இரண்டாவது எழுத்து ஈ, நான்காவது ஓ என்று சேர்த்தால் லூமென் விழும். எம் முதல் இடத்தில் இல்லை என்று சேர்த்தால் மெலனும் விழும். ஒவ்வொரு வரியும் தனி வேலை செய்கிறது. இரண்டை ஒன்றாகக் குழப்பினால்தான் சிக்கல்.

அறிகுறி: ஒரு சொல்கூட வரவில்லை

வேர்டில் ஆடுபவர்களிடம் இதற்கு முதல் காரணம் சாம்பல் நிறக் கட்டம். மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் ஆட்டம் அது: நீங்கள் போட்ட எழுத்து சரியான இடத்தில் இருந்தால் கட்டம் பச்சை, சொல்லில் வேறு இடத்தில் இருந்தால் மஞ்சள், இரண்டும் இல்லை என்றால் சாம்பல். சாம்பல் என்றால் அந்த எழுத்து இல்லை என்று மனதில் பதிந்துவிட்டது. பெரும்பாலும் அது சரிதான். நீங்கள் போட்ட சொல்லில் அந்த எழுத்து இரண்டு முறை இருந்தால் மட்டும் சரியில்லை.

விடை லெமன் என்று வையுங்கள். நீங்கள் லெவல் போடுகிறீர்கள், அதாவது எல்-ஈ-வி-ஈ-எல். முதல் எல் பச்சை, முதல் ஈ பச்சை. வி சாம்பல், இரண்டாவது ஈ சாம்பல், கடைசி எல் சாம்பல். இப்போது தேடல் கருவியின் ‘வரக்கூடாதவை’ பெட்டியில் வி, ஈ, எல் மூன்றையும் போட்டால் என்ன ஆகும்? முதல் எழுத்து எல் ஆக இருக்க வேண்டும், ஆனால் எல் எங்கேயும் இருக்கக்கூடாது என்று கேட்கிறீர்கள். அப்படி ஒரு சொல் எந்த மொழியிலும் கிடையாது. கருவி பூஜ்யம் காட்டுவது நியாயம்தான்.

அந்தச் சாம்பல் உண்மையில் சொல்வது வேறு: விடையில் எல் ஒன்றே ஒன்று, ஈ ஒன்றே ஒன்று. நல்ல துப்பு அது. வி மட்டும் விலக்குப் பெட்டிக்குப் போக வேண்டும். எல், ஈ இரண்டுக்கும் ‘ஒரு முறைதான்’ என்று ஐந்தாவது வரியில் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைவிட ஏமாற்றும் வடிவம் ஒன்று உண்டு. விடை நிஷ், அதாவது என்-ஐ-சி-எச்-ஈ. நீங்கள் போட்டது ஈரி, அதாவது ஈ-ஈ-ஆர்-ஐ-ஈ. முதல் ஈ சாம்பல், இரண்டாவது சாம்பல், கடைசி ஈ மட்டும் பச்சை. இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே வருபவர் முதல் கட்டத்தைக் கண்டதும் ஈயை அடித்துவிட்டு மறந்துபோவார். இந்த ஆட்டம் பச்சையை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்தால்தான் மஞ்சள் கொடுக்கும். சந்தேகம் வந்தால் கட்டத்தை விட்டுவிட்டுக் கீழே உள்ள விசைப்பலகையைப் பாருங்கள். ஒரு எழுத்துக்குக் கிடைத்தவற்றில் நல்ல நிறத்தைத்தான் அது காட்டும். இங்கே ஈ அங்கே பச்சையாக இருக்கும்.

அறிகுறி: நான் போட்ட சொல்லையே திருப்பித் தருகிறது

மஞ்சளைப் பாதி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மெலன் போட்டு விடை லெமன் என்றால் ஈ, ஓ, என் பச்சை, எம்மும் எல்லும் மஞ்சள். ‘எம் உண்டு, எல் உண்டு’ என்று மட்டும் கருவிக்குச் சொன்னால் அது மெலனையும் லெமனையும் சேர்த்தே தரும். எம் முதலில் இல்லை, எல் மூன்றாவதில் இல்லை என்பதையும் சேர்த்தால் ஒன்றுதான் மிஞ்சும்.

அறிகுறி: போனில் சொன்ன எழுத்துக்குச் சொல் இல்லை, அல்லது இரண்டு சொல் பொருந்துகிறது

நம் ஆட்களுக்கே உரிய தொல்லை இது. தமிழ் நாக்குக்கு ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்தும் பி, பதினாறாவது எழுத்தும் பி. நான்காவதும் டி, இருபதாவதும் டி. நேரில் காகிதத்தைக் காட்டினால் பிரச்சினை இல்லை. கூட்ட நேரத்து ரயிலிலிருந்து ஒருவர் எழுத்தைக் கத்தினால் கதை வேறு.

மாட்டுங்கா மாமி ஒருத்தர் போன் செய்தார். “ஐந்தெழுத்து. ஆர், ஏ, பி, ஐ, டி. இதுக்கு ஒரு அர்த்தமும் வரலியே, க்ளூவுல ‘வேகமான’ன்னு போட்டிருக்கான். ஆனா ரேபிட்னா வெறி நாய்க்குச் சொல்றதில்லையோ?”

“மாமி, அந்த பி பாம்பே பியா, புனே பியா?”

“பாம்பேன்னுதான் எழுதியிருக்கேன். இரு, மேலேருந்து கீழ வர்றதைப் பாக்கறேன். அட, புனேதான்.”

நடுவில் புனே பி என்றால் வேகம், பாம்பே பி என்றால் வெறி. எழுதினால் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம், சொன்னால் வித்தியாசமே கிடையாது. அதனால் எழுத்துக்கு ஊர்ப்பெயர் வைத்துக்கொள்ளுங்கள்: பாம்பே பி, புனே பி, டெல்லி டி, தானே டி. ரயில் சத்தத்தில் எம்மும் என்னும் ஒன்றாகக் கேட்கும், அதற்கு மாட்டுங்கா எம், நாசிக் என். எஃப்பும் எஸ்ஸும் குழம்பினால் சயான் எஸ். இந்தக் கட்டுரையிலும் சந்தேகம் வரும் இடத்தில் அப்படியே எழுதுகிறேன். வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டுக் கடைசி எழுத்தை ஸீ என்கிறார்கள். அது மூன்றாவது எழுத்தா இருபத்தாறாவதா என்று ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

எழுத்து சந்தேகமாகவே இருந்தால் அந்த இடத்தைக் காலியாக விட்டுத் தேடுங்கள். சந்தேகமான எழுத்தைப் போட்டுத் தேடுவதைவிட வெற்றிடம் எவ்வளவோ மேல்.

அறிகுறி: கொட்டுகிறது, எதை எடுப்பது என்று தெரியவில்லை

26 எழுத்தை ஐந்து கட்டத்தில் எப்படி வேண்டுமானாலும் போடலாம் என்றால் 1,18,81,376 விதம். அதில் சொல்லாக நிற்பவை சில ஆயிரம்தான். வேர்டில் 2021இல் வெளிவந்தபோது அதன் விடைப் பட்டியலில் 2,315 சொல். விடையாக வராது, ஆனால் போட்டுப் பார்க்கலாம் என்று இன்னும் 10,657. அந்த விடைப் பட்டியலில் மிக அதிகமான சொற்களில் வருபவை ஈ, ஏ, ஆர், ஓ, தானே டி. பட்டியல் நீளமாக இருக்கிறது என்றால் உங்களிடம் இருப்பவை இந்த மாதிரி மலிவான எழுத்துகள். மலிவான எழுத்து சொல்லைக் கண்டுபிடிக்கத் தொடக்கத்தில் உதவும், வடிகட்ட உதவாது. குறுக்கெழுத்தில் என்றால் பட்டியலை வாசிக்காதீர்கள். வெட்டிப் போகும் இன்னொரு விடையை நிரப்பி ஒரு எழுத்து கூடுதலாக வாங்குங்கள். கே, வி, எக்ஸ் போன்ற அரிய எழுத்து ஒன்று விழுந்தால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும்.

பட்டியல் சிறியதுதான், ஆனால் எல்லாம் ஒரே அச்சு என்றால் அது வேறு நோய். கடைசி நாலு எழுத்து ஐ-ஜி-எச்-தானே டி என்று பச்சையாகிவிட்டது. சந்தோஷப்படாதீர்கள். எய்ட், ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட் என்று பழக்கமானவை மட்டுமே எட்டு. கையில் நாலு வாய்ப்பு இருந்தாலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் போதாது.

இங்கே விடையாக இருக்கவே முடியாத ஒரு சொல்லை வேண்டுமென்றே போட வேண்டும். ஃபில்ம்ஸ் போடுங்கள். எஃப், எல், எம், எஸ் நான்கும் ஒரே அடியில் சோதனையாகும். ஏதாவது ஒன்று நிறம் காட்டினால் விடை தெரிந்துவிட்டது. நான்கும் சாம்பல் என்றால் அடுத்து என்டர். ஈ, என், ஆர் மூன்றையும் அது பார்த்துவிடும். அதுவும் இல்லை என்றால் மிஞ்சியது டைட் ஒன்றுதான். எட்டுப் பேரை இரண்டே சொல்லில் பிரித்தாயிற்று. ஹார்ட் மோட் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி அடைபட்டிருக்கும், கிடைத்த துப்பை மறுபடி பயன்படுத்தியே ஆக வேண்டும் என்பது அங்கே விதி. அவர்கள் நாலு பச்சை வருவதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும்.

அறிகுறி: நீளம் தப்பாக வருகிறது

இது கணினியில் தேடுபவர்களுக்கு. ஐடி வேலையில் இருப்பவர்கள் ஆட்டத்தைத் தளத்தில் ஆடிவிட்டு, சொல்லைத் தங்கள் கணினியில் உள்ள சொற்பட்டியலில் தேடுவார்கள். கௌரவப் பிரச்சினை.

ஐந்து கேட்டால் எட்டு, பத்து எழுத்துச் சொல்லும் சேர்ந்து வருகிறது என்றால் இரு முனையிலும் ஆணி அடிக்கவில்லை. லினக்ஸில் கோப்புக்குள் தேடும் கட்டளையான கிரெப்பில் ஐந்து புள்ளி மட்டும் போட்டால் ‘எங்காவது ஐந்து எழுத்து இருந்தால் சரி’ என்று பொருள். ^.....$ என்று தொடக்கமும் முடிவும் குறித்தால்தான் ஐந்தே ஐந்து.

ஆணி அடித்தும் நாலெழுத்துச் சொற்கள் வருகின்றனவா? ஐந்தெழுத்துச் சொல் ஒன்றுகூட இல்லையா? முதல் தடவை பார்ப்பவருக்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கும். காரணம் சாதாரணம். அந்தக் கோப்பு விண்டோஸில் சேமிக்கப்பட்டது. ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது. லினக்ஸில் கிரெப் அதையும் ஓர் எழுத்தாக எண்ணிக்கொள்ளும். நாலெழுத்தும் அந்தக் குறியும் சேர்ந்து ஐந்து. டாஸ்டுயுனிக்ஸ் கட்டளையை ஒரு தடவை ஓட்டினால் கோப்பு சுத்தமாகிவிடும்.

எக்செல்லில் இதே நோய் வேறு உருவில் வரும். லென் சூத்திரம் ஐந்துக்குப் பதில் ஆறு காட்டினால் சொல்லின் வாலில் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கிறது. ட்ரிம் போட்டால் போகும். ட்ரிம் போட்டும் போகவில்லை என்றால் வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்த பட்டியலாக இருக்கும். அதில் வருவது 160ஆம் எண் இடைவெளி, ட்ரிம் அதைத் தொடாது. சப்ஸ்டிட்யூட் சூத்திரத்தில் 160ஆம் எண்ணைக் கொடுத்து வெறுமையாக மாற்றுங்கள்.

உபுண்டுவில் உள்ள வேர்ட்ஸ் கோப்பில் தேடினால் இன்னொரு வேடிக்கை. கேட் என்ற சொல்லோடு மேற்குறியும் எஸ்ஸும் சேர்ந்த ‘பூனையினுடைய’ வடிவமும் ஐந்து குறி என்று உள்ளே வந்துவிடும். மேற்குறி உள்ள வரிகளை முதலிலேயே நீக்கிவிடுங்கள். அப்புறம், கஃபே. கடைசி ஈயின் மேல் கோடு போட்டு எழுதினால் யுடிஎஃப்-8இல் அந்த எழுத்துக்கு இரண்டு பைட். எழுத்துக்குப் பதில் பைட்டை எண்ணும் கருவி நாலை ஐந்தாக்கிவிடும்.

அறிகுறி: இரண்டு எழுத்தும் வேண்டும் என்றால் ஒன்று மட்டும் உள்ளதும் வருகிறது

சதுர அடைப்புக்குள் இரண்டு எழுத்தைப் போட்டிருக்கிறீர்கள். அங்கே அதன் பொருள் ‘இவற்றில் ஏதாவது ஒன்று’. இரண்டும் வேண்டும் என்றால் முதல் எழுத்துக்கு ஒரு கிரெப், அதன் விடையைக் குழாய்க்குறி போட்டு இரண்டாவது எழுத்துக்கு இன்னொரு கிரெப். மூன்றாவது எழுத்துக்கு இன்னொன்று. அழகாக இருக்காது, ஆனால் தப்பு வராது. ஒரே வரியில் எல்லாம் செய்யும் சூத்திரம் ஒன்றை எழுதி நண்பருக்கு அனுப்புவதில் பெருமை உண்டு, மறுநாள் அதில் பிழை தேடுவதில் கிடையாது.

குறிகளையும் கலக்காதீர்கள். ஒன்லுக் என்ற சொல் தேடும் தளத்திலும் எக்செல்லிலும் கேள்விக்குறி ஓர் எழுத்துக்கு நிற்கும். கிரெப்பில் புள்ளிதான் ஓர் எழுத்து. அங்கே போய் ஐந்து கேள்விக்குறி போட்டால் அது நிஜமாகவே ஐந்து கேள்விக்குறியைத் தேடிவிட்டு வெறுங்கையோடு வரும்.

அறிகுறி: எனக்குத் தெரிந்த சொல் பட்டியலிலேயே இல்லை

பட்டியல் யாருடையது என்று பாருங்கள். மேக் கணினியில் தயாராக இருக்கும் சொற்பட்டியல் 1934இல் வந்த வெப்ஸ்டர் இரண்டாம் பதிப்பிலிருந்து எடுத்தது. சுமார் 2,35,000 சொல் இருந்தும் சாதாரணப் பன்மைகள் பெரும்பாலும் இருக்காது, கணினிக் காலச் சொற்களும் இருக்காது. யாரும் கேள்விப்படாத தாவரப் பெயர்கள் நிறைய இருக்கும்.

பட்டியலை எக்செல்லில் திறந்தீர்கள் என்றால் ஃபால்ஸ் என்ற ஐந்தெழுத்துச் சொல்லை அது சொல்லாகவே எடுத்துக்கொள்ளாது. உண்மை, பொய் என்கிற தர்க்க மதிப்பாக மாற்றிவிடும். ஐந்து கேள்விக்குறி கொடுத்து கவுண்ட்இஃப் போட்டால் அது கணக்கில் வராது. நாலெழுத்து ட்ரூவுக்கும் அதே கதி. திறக்கும்போதே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று சொல்லி இறக்கினால் தப்பலாம். பைத்தான் நிரல்மொழியில் பாண்டாஸ் என்ற கருவியை வைத்துப் பட்டியலைப் படிப்பவர்களுக்கு நல் (என்-யு-எல்-எல்), நான் (என்-ஏ-என்) இரண்டும் காணாமல் போகும். அவற்றை அது ‘தரவு இல்லை’ என்று எடுத்துக்கொள்கிறது. கீப் டிஃபால்ட் என்ஏ என்ற தேர்வை ஃபால்ஸ் ஆக்குங்கள். தந்தூரி ரொட்டி சாப்பிடும் ஊரில் நான் இல்லாமல் போவது அநியாயம்.

சிறிய எழுத்து, பெரிய எழுத்து வேறுபாடும் பார்க்க வேண்டும். கிரெப்பில் ஐ தேர்வு போடாவிட்டால் பெரிய எழுத்தில் தொடங்குபவை தப்பிவிடும். அது சில சமயம் நல்லதே. அதைப் போட்டால் டெல்லியும் ஐந்தெழுத்து என்று வரிசையில் வந்து நிற்கும். ஊர்ப்பெயரை வேர்டிலும் ஸ்கிராபிளும் ஏற்காது.

அறிகுறி: பொருள் சரி, ஒரு கட்டம் இடிக்கிறது

நாம் பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் எழுத்து. கலர் என்றால் கை தானாக ஆறு எழுத்து எழுதும். அமெரிக்கக் கட்டத்தில் அது ஐந்து, யு கிடையாது. ஆனர், லேபர், ரூமர் எல்லாம் இந்தக் குடும்பம். 2022 தொடக்கத்தில் வேர்டிலில் ஃபேவரும் ஹ்யூமரும் யு இல்லாமல் விடையாக வந்தபோது பிரிட்டனில் பலர் முணுமுணுத்தார்கள். ஃபைபர், மீட்டர், லிட்டர் ஆகியவற்றில் நீளம் மாறாது, கடைசி இரண்டு எழுத்து மட்டும் இடம் மாறும். நீளம் சரியாக இருப்பதால் இது இன்னும் தாமதமாகத்தான் கண்ணில் படும். ஆட்டம் எந்த நாட்டுடையது என்று முதலில் பாருங்கள்.

குறுக்கெழுத்தில் துப்பின் முடிவில் உள்ள எண்ணையும் கவனியுங்கள். 5 என்று இருந்தால் ஒரு சொல். 2,3 என்று இருந்தால் நோ வே மாதிரி இரண்டு சொல் சேர்ந்து ஐந்து. அதை ஒற்றைச் சொல் பட்டியலில் எத்தனை நேரம் தேடினாலும் வராது. அமெரிக்கக் குறுக்கெழுத்துகளில் இந்த எண்ணே போடமாட்டார்கள், அங்கே எந்த நீளமும் இரண்டு சொல்லாக இருக்கலாம். துப்பு பன்மையில் இருந்தால் விடையும் பன்மை, துப்பு இறந்தகாலம் என்றால் விடையும் அப்படியே. கடைசி எழுத்தை இலவசமாக வாங்கும் வழி இது.

அறிகுறி: சொல் அகராதியில் இருக்கிறது, ஆட்டம் ஏற்கவில்லை

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பட்டியல். இந்தியாவில் ஸ்கிராபிள் போட்டி ஆடுபவர்கள் கொலின்ஸ் பட்டியலை வைத்து ஆடுகிறார்கள், வட அமெரிக்காவில் வேறு. 2019 கொலின்ஸ் பதிப்பில் இரண்டெழுத்துச் சொற்கள் மட்டும் 127, அமெரிக்கப் பட்டியலில் 107. அந்த இருபது சொல்லுக்காக நடக்கும் சண்டைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்க்கலாம். ஆடத் தொடங்குமுன் எந்தப் பட்டியல் என்று பேசிவிடுங்கள். தாஜ், ராஜ், டோசா மூன்றும் செல்லும் என்பது நம்மூர்க்காரர்களுக்கு உதவும். ஜேயில் முடியும் சொல்லே இல்லை என்று சொல்லும் எதிராளிக்கு எதிரே தாஜை வைத்துவிடலாம்.

எழுத்து மறுபடி வரலாமா என்பதும் இங்கேதான் கடிக்கும். ஸ்கிராபிளில் கையில் உள்ள எழுத்துக் கட்டை ஒவ்வொன்றும் ஒரு முறைதான். நியூயார்க் டைம்ஸின் ஸ்பெல்லிங் பீயில் ஏழு எழுத்தையும் எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், நடு எழுத்து கட்டாயம், நாலெழுத்துக்குக் குறையக்கூடாது. ஒன்றுக்கான தேடல் கருவியை மற்றதற்குப் பயன்படுத்தினால் ஒன்று பாதிச் சொல்லை மறைக்கும், அல்லது உங்களிடம் இல்லாத இரண்டாவது ஈயைப் போட்டுக் காட்டும்.

அறிகுறி: ஏ, ஈ, ஐ, ஓ, யு ஐந்தும் போய்விட்டன

பயப்பட வேண்டாம், ஒய் இருக்கிறது. எம்-ஒய்-ஆர்-ஆர்-எச் என்ற மிர், சாம்பிராணி மாதிரி ஒரு பிசின். ஷைலி (எஸ்-எச்-ஒய்-எல்-ஒய்), லிஞ்ச் (எல்-ஒய்-என்-சி-எச்). ஆறெழுத்தில் ரிதம். ஒய்யை மூன்றாவது இடத்திலும் இரண்டாவது இடத்திலும் வைத்துப் பார்ப்பது முதல் வேலை, அப்புறம் கடைசி.

அறிகுறி: எழுத்தெல்லாம் கையில், வரிசை வரவில்லை

ஐந்து வெவ்வேறு எழுத்துக்கு 120 வரிசை. ஒன்றின் இடம் தெரிந்தால் 24. இரண்டின் இடம் தெரிந்தால் வெறும் 6. ஆகவே மூளையை வாட்டுவதைவிட ஒரு எழுத்தின் இடத்தைப் பிடிப்பதே குறுக்கு வழி.

இடம் தெரியாவிட்டால் எழுத்துகளை வட்டமாக எழுதுங்கள். நேர்கோட்டில் எழுதினால் கண் முதலில் பார்த்த வரிசையையே திரும்பத் திரும்ப வாசிக்கும். பிறகு ஒட்டிக்கொண்டே திரியும் ஜோடிகளைப் பிரித்து எடுங்கள். சி-எச், எஸ்-எச், தானே டியும் எச்சும், சி-கே. ஜியும் எச்சும் சேர்ந்து இருந்தால் கடைசியில் வைத்துப் பாருங்கள்: லாஃப், காஃப், ரஃப், வெய். கேயும் என்னும் இருந்தால் முதலில் வைத்துப் பாருங்கள்: நாக், நோன், நீல்.

இங்கே காது நம்மைக் கவிழ்க்கும். தமிழில் எழுதியபடி வாசிக்கிறோம், அதனால் ஒலி வரும் எழுத்தையே தேடுகிறோம். ரயிலில் இருக்கைகளுக்கு நடுவே நடக்கும் வழியை ஐல் என்கிறோம். எழுத்து ஏ-ஐ-எஸ்-எல்-ஈ. முதல் எழுத்து ஐ என்று நினைத்துக்கொண்டு தேடினால் ஆயுளுக்கும் வராது. டிக்கெட் ஜன்னலில் நிற்கும் க்யூவில் முதல் எழுத்துக்குப் பின் வரும் நாலும் உயிரெழுத்து: யு-ஈ-யு-ஈ. கையில் யு இரண்டு, ஈ இரண்டு இருந்தால் யாரும் அதை ஒரு சொல்லாக நம்பமாட்டார்கள். ஒலியை மூடிவிட்டு, எழுத்தை மட்டும் வைத்து ஒரு சுற்றுப் பார்ப்பது இந்த வகைக்கு ஒரே மருந்து.

அறிகுறி: எல்லாம் சரிபார்த்தும் பூஜ்யம்

உறுதி என்று நினைத்த ஒன்று உறுதியில்லை. குறுக்கெழுத்தில் பெரும்பாலும் வெட்டிப்போகும் விடை தப்பு. எது தப்பு என்று யோசிக்காமல், நிபந்தனைகளில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுத் தேடுங்கள். பலன் இல்லையா, அதைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் எடுத்தால் பட்டியல் வெள்ளமாகிவிடும், எதனால் வந்தது என்றும் தெரியாது.

ஒரு மாதிரி. முதலில் எல், நடுவில் எம், கடைசியிலும் எம். பூஜ்யம். முதலில் உள்ள எல் எழுத்தை எடுத்தேன், துப்புக்குப் பொருந்துவது எதுவும் இல்லை. திருப்பி வைத்தேன். நடு எம்மை எடுத்தாலும் அப்படியே. கடைசி எம்மை எடுத்ததும் லெமன், லூமென், லீமர், லிம்போ, லிமிட் என்று வரிசை ஓடுகிறது. துப்பில் ‘புளிப்பான பழம்’ என்று இருக்கிறது. ஆக கடைசிக் கட்டத்தில் இருக்க வேண்டியது நாசிக் என். அந்த எம்மைக் கொண்டுவந்த செங்குத்து விடையை ரப்பரால் அழித்துவிட்டு அதன் துப்பை மறுபடி வாசியுங்கள்.